படம் கீறியவருக்கே சொந்தம்: கொழும்பில் ஓவிய சிகிச்சைக்குப் புதிதாக வருவோருக்கு

உளவளத்துணையில் பேசியது அந்த அறைக்குள்ளேயே காற்றோடு கலந்துவிடும். ஓவிய சிகிச்சையில் அப்படியில்லை. வந்தவர் எழுந்து போன பிறகும் அவர் கீறிய படம் மேசையில் கிடக்கிறது. அடுத்து வருபவர் அதைப் பார்க்கலாம். கூட்டித் துடைக்க வரும் அம்மா பார்க்கலாம். நீங்களே போனில் எடுத்து வைக்கலாம். நாளைக்குப் பாடசாலை அதிபர் கேட்கலாம், அடுத்த நாள் பிள்ளையின் தகப்பன் கேட்கலாம். இந்தத் தொழிலின் ஒழுக்க விதிகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு தாளை எப்படி நடத்துகிறோம் என்பதற்குள் அடங்கிவிடும் என்றே நினைக்கிறேன்.

சித்திர ஆசிரியராக இருந்து இந்தப் பக்கம் வருபவர்கள், உளவளத்துணை டிப்ளோமா முடித்தவர்கள், உளசமூகப் பணியில் இருப்பவர்கள் ஆகிய மூன்று சாராரையும் மனதில் வைத்து எழுதுகிறேன். வேலை நடக்கும் ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு போகிறேன். இதில் வரும் உதாரணங்கள் எந்தத் தனி மனிதரையும் குறிப்பவை அல்ல. பல இடங்களில் பார்த்ததைச் சேர்த்து, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில் உங்கள் பெயர்ப்பலகை

ஒருவரும் வருவதற்கு முன்பே தொடங்கும் விசயம் இது. உங்களை நீங்கள் என்னவென்று சொல்லிக்கொள்ளப் போகிறீர்கள்?

ஓவிய சிகிச்சை என்ற பெயரை 1942இல் முதலில் வழங்கியவர் ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கில ஓவியர். காசநோய்க்கு சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தபோது, தனக்கும் அங்கிருந்த மற்ற நோயாளிகளுக்கும் படம் கீறுவது என்ன செய்கிறது என்று கவனித்து வைத்த பெயர் அது. பிரித்தானியாவில் 1964இலும் அமெரிக்காவில் 1969இலும் இந்தத் தொழில் செய்பவர்களுக்கான சங்கங்கள் உருவாயின. இன்று பிரித்தானியாவில் அரச அங்கீகாரம் பெற்ற பதிவு இல்லாமல் ஒருவர் தன்னை ஓவிய சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொள்வது சட்டப்படி குற்றம். இலங்கையில் அந்தப் பெயருக்கு அப்படியொரு தனிச் சட்டப் பாதுகாப்பு இல்லை. அதனால் யாரும் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொள்ளலாம் என்பதாலேயே நாம் கூடுதலாகக் கவனமாக இருக்க வேண்டும். சட்டம் பிடித்து நிறுத்தாத இடத்தில் நம்முடைய நேர்மைதான் வேலி.

நம்மிடம் இந்த வேலைக்கு நல்ல வேர் உண்டு. மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, யுத்தத்தைக் கண்ட பிள்ளைகளுக்கு ஓவியமும் கதையும் விளையாட்டுமாக ஒரு இடம் கொடுத்தது. 2004 சுனாமிக்குப் பிறகு முகாம் முகாமாகப் பஸ்டல் பெட்டிகள் போயின. ஆனால் பிள்ளைகளை மகிழ்ச்சியாக வைத்திருக்கும் சித்திர வகுப்பு ஒன்று. குழுவாகச் சேர்ந்து மனதை இலேசாக்கும் உளசமூகச் செயற்பாடு இன்னொன்று. மனவடுவோடு வருபவரோடு மாதக்கணக்கில் இருந்து செய்யும் சிகிச்சை வேறொன்று. மூன்றும் நல்லவைதான். நீங்கள் எதைச் செய்யப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களோ அந்தப் பெயரை மட்டும் போடுங்கள். மூன்று நாள் பட்டறையின் சான்றிதழை வைத்துக்கொண்டு சிகிச்சையாளர் என்று கார்ட் அடிக்காதீர்கள். வருபவர்கள் உங்களை ‘டொக்டர்’ என்று கூப்பிடத் தொடங்குவார்கள், நம் ஊரில் அது நடக்கும். முதல் தடவையே, “நான் டொக்டர் இல்லை அம்மா, மருந்து எழுத மாட்டேன்” என்று சொல்லிவிடுங்கள். மிஸ் என்றோ அக்கா என்றோ கூப்பிட்டால் பரவாயில்லை. அந்த ‘அக்கா’ எதுவரை என்பதைப் பிறகு பார்ப்போம்.

அறை

கொழும்பில் தனி அறை கிடைப்பதே பெரிய விசயம். வெள்ளவத்தை அடுக்குமாடியில் ஒரு அறை, கொட்டாஞ்சேனையில் ஆலயத்தோடு சேர்ந்த மண்டபம், யாரோ வீட்டு அனெக்ஸ் என்று எதுவோ ஒன்றுதான் அமையும். வாடகையைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பாருங்கள். உள்ளே அழுதால் வெளியே கேட்குமா? ஜன்னலால் மேசை தெரியுமா? பூட்டக்கூடிய அலுமாரி உண்டா? தண்ணீர்க் குழாய் கிட்ட இருந்தால் நல்லது. களிமண் பூசிய கையோடு ஒருவரை வெளிப் பாத்ரூமுக்கு அனுப்பக் கூடாது, அவர் அழுத முகத்தோடு நாலு பேரைக் கடந்து போக வேண்டி வரும்.

இருவரின் நேரங்களுக்கு நடுவில் இருபது நிமிசமாவது விடுங்கள். ஈரப் படத்தை எடுத்து வைக்கவும் மேசையைத் துடைக்கவும் அது வேண்டும். அதைவிட முக்கியம், போகிறவரும் வருகிறவரும் படியில் சந்திக்கக் கூடாது. நம் சனம் பத்து வீதிக்குள் வாழ்கிறது. “நீங்களும் இங்கயா?” என்ற ஒரு கேள்வி போதும், அந்த மனிதர் அடுத்த கிழமை வரமாட்டார்.

முதல் சந்திப்பு

பென்சிலைத் தொடுவதற்கு முன் பேச வேண்டியவற்றைப் பேசி முடியுங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு பக்கச் சம்மதப் பத்திரம் தயாராக இருக்கட்டும். ஆனால் பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவது சம்மதம் ஆகாது. வாயால் சொல்ல வேண்டும். நான் ஏறக்குறைய இப்படிச் சொல்வேன்:

“இங்க நீங்கள் கீறுறது எல்லாம் உங்களுடையது. வடிவாய்க் கீறத் தேவையில்லை, கீறாமல் சும்மா இருந்தாலும் சரி. நீங்கள் வாற காலம் முழுக்க உங்கட படங்களை நான் பூட்டி வைப்பன், முடியேக்க திருப்பித் தருவன். உங்களைக் கேட்காமல் ஒருத்தருக்கும் காட்டமாட்டன். ஆனால் உங்கட உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிஞ்சால், ஒரு பிள்ளைக்குக் கொடுமை நடக்குது என்று தெரிஞ்சால், நான் பேசாமல் இருக்க ஏலாது. அப்பவும் முதலில் உங்களிட்டச் சொல்லிப்போட்டுத்தான் செய்யப் பார்ப்பன்.”

பிள்ளை என்றால் தாய் தகப்பனின் சம்மதம் வேறு, பிள்ளையின் சம்மதம் வேறு. எட்டு வயதுப் பிள்ளைக்கும் இதே விசயத்தை அதன் மொழியில் சொல்லுங்கள். அது வேண்டாம் என்று தலையாட்டினால், அம்மா கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதற்காகப் பென்சிலைக் கையில் திணிக்காதீர்கள்.

கட்டணம், நேரம், வராமல் விட்டால் என்ன என்பதையெல்லாம் அன்றைக்கே பேசிவிடுங்கள். காசு பேசக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டால் பின்னால் அது மனக்கசப்பாக வந்து நிற்கும். மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால் வீட்டுக்காரரை அந்த வேலைக்கு வைக்க வேண்டாம். மாமியார் மொழிபெயர்க்க மருமகள் என்னத்தைச் சொல்வாள்?

கீறும்போது

இனி உங்கள் கையும் வாயும் அடக்கம் பழக வேண்டிய இடம். சித்திர ஆசிரியர்களுக்கு இது மிகவும் கஷ்டம். வீட்டின் கூரை கோணலாக இருந்தால் கை பரபரக்கும். தொடாதீர்கள். அவர் கீறிய தாளில் உங்கள் பென்சில் ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. மேசையில் தாளை நகர்த்த வேண்டுமென்றாலும், “இதைக் கொஞ்சம் தள்ளி வைக்கட்டா?” என்று கேட்டுவிட்டு நகர்த்துங்கள். அற்பமாகத் தோன்றும். ஆனால் தன் உடம்பையே கேட்காமல் தொட்ட ஒரு உலகத்திலிருந்து வந்த பெண்ணுக்கு, தன் தாளைத் தொடக்கூட ஒருவர் அனுமதி கேட்கிறார் என்பது சின்ன விசயமல்ல.

‘வடிவாய் இருக்கு’ என்ற சொல் வாயில் தானாக வரும். அதையும் நிறுத்துங்கள். ஒரு படத்தை வடிவு என்றால், அடுத்த முறை அவர் உங்களுக்காக வடிவாகக் கீறத் தொடங்குவார். உள்ளே இருப்பது வெளியே வராது. “இந்த இடத்தில் நிறைய நேரம் இருந்தீர்கள்” என்று கண்ணால் கண்டதைச் சொல்லலாம். “இவரைப் பற்றிச் சொல்ல விருப்பமா?” என்று கேட்கலாம். அதற்கு மேல் வேண்டாம்.

படத்துக்கு அர்த்தம் சொல்லும் ஆசைதான் புதியவர்களை அதிகம் விழுத்துவது. கறுப்பு என்றால் மனச்சோர்வு, ஜன்னல் இல்லாத வீடு என்றால் தனிமை, பெரிய கை என்றால் அடி என்று இணையத்தில் பட்டியல் பட்டியலாகக் கிடக்கிறது. அந்தப் பட்டியலை நம்பி ஒரு குடும்பத்தைக் கலக்கிவிட முடியும். ஒரு சிறுவன் கிழமைக்கணக்கில் எல்லாவற்றையும் கறுப்பிலேயே கீறினான் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லோரும் பயந்தார்கள். கடைசியில் பார்த்தால், பொதுப் பெட்டியில் உடையாத பஸ்டல் கறுப்பு ஒன்றுதான் இருந்திருக்கிறது. நிறங்களுக்கு நம்மிடையே ஒரே அர்த்தமும் இல்லை. சைவ வீட்டில் மஞ்சள் மங்கலம். பௌத்த பிக்கு காலமானால் தெருவில் கட்டும் கொடியும் மஞ்சள்தான். வெள்ளைக் கொடி கட்டிய தெருவைக் கண்டால் செத்தவீடு என்று கொழும்பில் யாருக்கும் தெரியும், அதே வெள்ளை பள்ளிக்கூடச் சீருடையும்கூட. அவருடைய கறுப்புக்கு என்ன அர்த்தம் என்று அவர்தான் சொல்ல வேண்டும். சொல்லாமலும் விடலாம்.

தெமட்டகொடையிலும் மருதானையிலும் வேலை செய்யும்போது இன்னொன்றையும் மறக்காதீர்கள். சில முஸ்லிம் குடும்பங்களில் உயிருள்ளவற்றின் உருவம் கீறுவதை விரும்பமாட்டார்கள். “உங்கள் குடும்பத்தைக் கீறுங்கள்” என்று தொடங்கினால் முதல் நிமிசத்திலேயே அவரை இக்கட்டில் தள்ளிவிட்டீர்கள். கோடுகள், நிறங்கள், வடிவக் கோலங்கள், களிமண், கடல், வானம் என்று எத்தனையோ இருக்கின்றன. எது சரி என்று அவரிடமே கேளுங்கள்.

“அந்த நாளைக் கீறு” என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். 1983 ஜூலையில் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போய்ப் பிறகு திரும்பி வந்த முதியவர்கள் இன்னும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள். 2019 ஏப்ரல் 21 காலையில் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் இருந்த பிள்ளைகள் இன்றைக்கு இளைஞர்கள். அந்தக் கதவை அவர்கள் தாங்களாகத் திறக்கும்போது பக்கத்தில் இருப்பதுதான் நம் வேலை. பொருட்களையும் இதை வைத்தே தெரிவு செய்யுங்கள். பென்சிலும் பஸ்டலும் கைக்குள் அடங்கும், அதனால் தொடக்கத்தில் அவையே நல்லது. தண்ணீர் நிறமும் ஈரக் களிமண்ணும் சிலருக்கு உள்ளே இருப்பதை ஒரேயடியாக இளக்கிவிடும். ஆளைத் தெரியாமல் முதல் நாளே விரல்களால் நிறம் பூச வைத்து, அழுகையோடு வீட்டுக்கு அனுப்பினால் அது நம் பிழை.

படத்தை வைப்பது

தொடக்க காலத்தில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். பிள்ளைகள் கீறிய படங்களைக் காயட்டும் என்று சுவரில் ஒட்டி வைத்தேன். பிள்ளைகள் கீழே பெயர் எழுதுவார்கள்தானே, பள்ளிக்கூடப் பழக்கம். வேறொரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வந்த ஒரு தாய், சுவரில் ஒரு வீட்டையும் பெல்ட்டோடு நிற்கும் ஒரு ஆளையும் பார்த்தார், கீழே இருந்த பெயரையும் பார்த்தார். இரண்டு நாளில் அந்த ஒழுங்கை முழுக்கக் கதை பரவிவிட்டது. அந்தப் பிள்ளை பிறகு வரவேயில்லை. அன்றைக்கு நான் பூட்டாமல் விட்டது ஒரு தாளை மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு பிள்ளையையே திறந்து போட்டிருந்தேன்.

அதனால் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு பைல், பைலுக்கு மேல் பெயரில்லை, ஒரு இலக்கம் மட்டும். எந்த இலக்கம் யார் என்ற பட்டியல் வேறொரு பூட்டில். திகதியைப் படத்தின் முன்பக்கத்தில் எழுத வேண்டாம், பின்பக்கத்தில் அவரிடம் கேட்டுவிட்டுப் பென்சிலால் எழுதுங்கள். காய வைக்க மூடிய அலுமாரித் தட்டு. களிமண் உருவங்களை அட்டைப்பெட்டியில் வையுங்கள், உடைந்தால் ஒட்டாமல் அவரிடம் அப்படியே காட்டிச் சொல்லுங்கள்.

போன்தான் இன்றைக்குப் பெரிய ஓட்டை. ஆவணத்துக்கென்று ஒரு படம் எடுப்பீர்கள், அது தானாக இணையச் சேமிப்புக்குப் போய் வீட்டில் பிள்ளைகளின் டப்லெட்டில் வந்து நிற்கும். கட்டாயம் படமெடுக்க வேண்டுமென்றால் எழுத்தில் சம்மதம் வாங்கி, வேலைக்கென்று தனியாக வைத்த கமராவில் எடுங்கள். வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம், “ஆளின்ர பெயர் இல்லைத்தானே மிஸ்” என்று எவர் கேட்டாலும் சரி. கோடு கீறும் பாங்கிலேயே ஆளைக் கண்டுபிடிக்கும் சனம் உண்டு. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலம் பற்றிய தரவையும் பிள்ளைகள் பற்றிய தரவையும் விசேட வகையாகவே வைத்திருக்கிறது. உங்கள் அலுமாரியில் இருப்பவை இரண்டுமே.

படத்தைக் கிழிக்க விரும்பினால்? கிழிக்கட்டும், அது அவருடையது. வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் மட்டும் ஒரு நிமிசம் யோசிக்க வையுங்கள். தன்னை அடிக்கும் புருசனைக் கீறிய பெண், அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு அதே வீட்டுக்குத்தான் போகிறாள். “இதை வீட்டில் யாராவது கண்டால் என்ன நடக்கும்?” என்று கேளுங்கள். பதிலைக் கேட்ட பிறகு இருவருமாக முடிவெடுங்கள்.

எல்லாரும் எல்லாரையும் தெரிந்த ஊர்

வெளிநாட்டு நூல்களில் இரட்டை உறவு கூடாது என்று ஒரு வரியில் எழுதியிருப்பார்கள். தெரிந்தவரைச் சிகிச்சைக்கு எடுக்காதே என்பது அதன் பொருள். கொழும்புத் தமிழருக்குள் தெரியாதவர் யார்? உங்களிடம் வருபவரின் தங்கை உங்கள் மகளோடு ஒரே ரியூசன் வகுப்பில் இருப்பாள். கோயில் திருவிழாவில் பந்தியில் பக்கத்தில் இருப்பீர்கள். ஆகவே நம் கேள்வி வேறு: இந்த அறிமுகம் அவர் என்னிடம் ஒரு விசயத்தைச் சொல்லாமல் விடக் காரணமாகுமா? ஆகும் என்றால் இன்னொருவரிடம் அனுப்புங்கள். உறவினர், கூடப் படித்தவர், உங்கள் மாணவர், கடன் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், எடுக்காதீர்கள்.

காலி வீதியில் எதிரே வந்தால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். “நான் முதலில் கதைக்கமாட்டன், நீங்கள் சிரிச்சால் நானும் சிரிப்பன்” என்று சொல்லி வைத்தால் போதும். சொல்லாமல் முகத்தைத் திருப்பினால் நம் ஊரில் அது அவமதிப்பு.

பொங்கலுக்குப் பலகாரம் வரும், பெருநாளுக்கு வட்டலப்பம் வரும். வாங்கிக்கொள்ளுங்கள். கொண்டு வந்த பாத்திரத்தைத் திருப்பி அனுப்பினால் அவரையே திருப்பி அனுப்பியதுபோல ஆகும். நகை, காசு, விலையுயர்ந்த புடவை என்றால் நன்றி சொல்லி மறுத்து, ஏன் என்பதையும் சொல்லுங்கள். அவர் கீறிய படத்தையே உங்களுக்குப் பரிசாகத் தந்தால்? அது பலகாரம் மாதிரி அல்ல. இப்போதைக்கு பைலில் வைப்போம், முடியும்போது பேசுவோம் என்று சொல்லலாம். உங்கள் வீட்டுச் சுவரில் மட்டும் அது தொங்கக் கூடாது.

‘அக்கா’ என்று கூப்பிடுபவர் இரவு பதினொரு மணிக்கு அழைப்பார். அக்காவுக்கு நேரம் காலம் இல்லைத்தானே. இதற்காகத்தான் முதல் நாளே வேலைக்கென்று தனி இலக்கம் கொடுத்து, எத்தனை மணிவரை எடுப்பீர்கள், அதற்குப் பிறகு அவர் எங்கே அழைக்கலாம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கலியாணத்துக்கு அழைத்தால் வாழ்த்து மட்டும் அனுப்புவது என் வழக்கம். பேஸ்புக்கில் நட்பு வேண்டாம்.

வாயைத் திறக்க வேண்டிய நேரம்

பெற்றோர் வந்து, “பிள்ளை என்ன கீறினான்?” என்று கேட்பார்கள். அவர்களுக்கு அந்த உரிமை கொஞ்சம் உண்டு, காசும் அவர்கள்தான் கட்டுகிறார்கள். பிள்ளை எப்படி இருக்கிறான், வீட்டில் எதைக் கவனிக்கலாம் என்று பொதுவாகச் சொல்லுங்கள். அதைச் சொல்லப்போகிறேன் என்று பிள்ளையிடம் முன்னமே சொல்லியிருக்க வேண்டும். படத்தைக் காட்டுவதானால் பிள்ளை சரி சொல்லி, பிள்ளையும் அறையில் இருக்கும்போது மட்டும். அதிபரோ வகுப்பாசிரியரோ கேட்டால், வருகை தருகிறான் என்பதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

ஆனால் ஒரு பிள்ளை கொடுமைக்கு ஆளாகிறது என்று அதன் வாயாலேயே வந்துவிட்டால் இரகசியம் அங்கே முடிகிறது. பதறாமல் கேளுங்கள். தோண்டித் துருவிக் கேள்வி கேட்காதீர்கள், அதே கதையை மூன்று முறை சொல்ல வைக்காதீர்கள், “ஒருத்தரிட்டயும் சொல்லமாட்டன்” என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே அன்றைக்கே எழுதி வையுங்கள். படத்தை மட்டும் வைத்துக்கொண்டு குற்றம் நடந்தது என்று முடிவு கட்ட முடியாது, அது ஒரு தொடக்கம்தான். பிறகு 1929க்கு அழையுங்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளையின் மனநிலைக்கு மருத்துவ உதவி வேண்டுமென்றால் பொரளை சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சிறுவர் உளமருத்துவப் பிரிவு இருக்கிறது.

சாவைப் பற்றிக் கீறினால், “சாக வேணும் போல இருக்கா?” என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. அவர் ஓம் என்றால், எப்படி, எப்போது என்று யோசித்திருக்கிறாரா என்பதையும் கேட்டு, அவரைத் தனியே அனுப்பாமல் அவர் நம்பும் ஒருவரை வரவழைத்து, மனநல மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம் 1926, இரவிலும் எடுப்பார்கள். 1974இலிருந்து இயங்கும் சுமித்ரயோ என்ற தொண்டு அமைப்பிலும் மனம் திறந்து பேசலாம். இந்த இலக்கங்களைச் சம்மதப் பத்திரத்தின் பின்பக்கத்திலேயே அச்சடித்து வையுங்கள்.

கண்காட்சி என்று கேட்டால்

நிதி தருபவர்கள் கேட்பார்கள், அது இயல்பு. “பிள்ளைகளின் படங்களை வைத்து ஒரு சின்னக் கண்காட்சி, அறிக்கைக்கு நாலு போட்டோ.” சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது இதற்குச் சம்மதம் கேட்பதே சரியில்லை என்பது என் நிலைப்பாடு. உங்களை நம்பி வருபவர் உங்களுக்கு இல்லை என்று சொல்லமாட்டார். அந்த ‘ஓம்’ மரியாதைக்குச் சொன்ன ஓம். கண்காட்சி வைக்கத்தான் வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு சித்திரப் பட்டறை நடத்தி, அதில் கீறுபவை காட்சிக்கு வைக்கப்படும் என்று முதலே சொல்லுங்கள். அறிக்கைக்குப் பஸ்டல் பெட்டியையும் வெறும் மேசையையும் படமெடுத்துக் கொடுக்கலாம்.

உங்களுக்கும் ஒருவர் வேண்டும்

மேற்பார்வை, அதாவது உங்கள் வேலையைப் பற்றி அனுபவமுள்ள ஒருவரோடு ஒழுங்காகப் பேசிப் பார்ப்பது, இல்லாமல் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கொழும்பில் ஓவிய சிகிச்சை தெரிந்த மேற்பார்வையாளர் கிடைக்காவிட்டால், அனுபவமுள்ள உளவியலாளர் அல்லது உளவளத்துணையாளர் ஒருவரிடம் மாதம் இரண்டு தடவையாவது போங்கள். வெளிநாட்டில் உள்ள ஒருவரோடு இணையவழியில் பேசுவதும் நல்லதே. படத்தைக் கொண்டுபோகச் சம்மதம் வாங்கியிருக்க வேண்டும், அப்போதும் பெயர் போகக் கூடாது. ஒருவருடைய நாளுக்காக மட்டும் நல்ல புடவையைத் தேடி எடுத்து உடுக்கிறீர்களா, ஒருவருக்கு மட்டும் நேரம் நீண்டுகொண்டே போகிறதா, ஒருவர் வரும் நாளில் உங்களுக்குத் தலையிடிக்கிறதா? இவற்றை முதலில் மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

முடிக்கும் நாள்

முடிப்பதை மூன்று நாலு கிழமைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி நாளில் மேசையை ஒதுக்கிவிட்டு, தரையில் பாய் விரித்து, முதல் நாளிலிருந்து கீறிய எல்லாப் படங்களையும் வரிசையாக அவரையே அடுக்கச் சொல்லுங்கள். பேச அவசரப்பட வேண்டாம். அவர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். சிலதை எடுத்துக்கொள்வார், சிலதை உங்களிடமே விட்டுப் போவார், சிலதைக் கிழித்துக் குப்பைவாளியில் போடுவார். விட்டுப் போனவற்றை எத்தனை காலம் வைத்திருப்பீர்கள், பிறகு எப்படி அழிப்பீர்கள் என்பதை முதல் நாள் பத்திரத்திலேயே எழுதியிருப்பீர்கள், அதன்படி செய்யுங்கள். அழிக்கும் நாள் வரும்போது பழைய பேப்பர்க்காரரிடம் போடாதீர்கள். கையால் சிறு துண்டுகளாகக் கிழித்து, தண்ணீரில் ஊறவைத்து, கூழானதும் கொட்டிவிடுங்கள்.